ஏற்காட்டில் 20 சென்ட் காபித் தோட்டம் வாங்கலாமா? ஹாகா, மண்டலத் திட்டம் என்கிறார்களே?

கோரிமேடு மாலதி கேட்டது:

வணக்கம். நாங்கள் சேலம் கோரிமேட்டில் இருக்கிறோம். மொட்டை மாடிக்குப் போனால் மலை கண்ணெதிரில் நிற்கும். அதனாலோ என்னவோ, மேலே ஒரு துண்டு இடம் வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசை. இப்போது அவருடைய நண்பர் மூலமாக ஒரு இடம் வந்திருக்கிறது. நாகலூர் பக்கம் ஒரு பழைய காபித் தோட்டத்தை இருபது இருபது சென்ட்டாகப் பிரித்து விற்கிறார்கள்.

விற்பவர் சொல்வது இது: "மேடம், இது வீட்டு மனை இல்லை, விவசாய நிலம். காபிச் செடி, மிளகுக் கொடி எல்லாம் சேர்த்து உங்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுவோம். பராமரிப்பு, பழம் பறிப்பு எல்லாம் எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார். வருஷா வருஷம் உங்கள் கணக்கில் பணம் விழுந்துவிடும். ஓரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்." நோட்டீஸில் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். தோட்டத்துக்குள் பொக்லைன் வைத்துப் புதிதாக ரோடு வெட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் செம்மண்ணை நேர்குத்தாக வெட்டி விட்டிருக்கிறார்கள். அதில் சில்வர் ஓக் வேர்கள் வெளியே தொங்குகின்றன. இடத்துக்கு இடம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். எங்களுக்குக் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், பள்ளமான ஓரிடத்தில் பெரிய சிமென்ட் குழாய் போட்டு, மேலே மண் கொட்டி, ரோட்டை அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். இது எதற்கு என்று கேட்டேன். "மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணி வரும், அதுக்கு" என்றார்.

மலையில் என்ன கட்டினாலும் ஹாகா (HACA, மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) பார்க்க வேண்டும் என்கிறார் என் மாமனார். அதெல்லாம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் என்கிறார் விற்பவர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு அறிவிப்பில் ஏற்காடு வருகிறதா பார் என்கிறான் என் தம்பி. இதற்கு நடுவில், "அரசு மண்டலத் திட்டம் போடுகிறது, எங்கே என்ன கட்டலாம் என்று படமே வரும், அது வந்ததும் விலை மூன்று மடங்காகிவிடும், அதற்குள் அட்வான்ஸ் போட்டுவிடுங்கள்" என்று தினமும் போன். யார் சொல்வதைக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய செயின்மேன் எழுதியது:

அம்மா, நான் நில அளவைத் துறையில் செயின் பிடிக்கும் ஆளாகச் சேர்ந்து, சர்வேயராக ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் யூ.டி.ஆர். என்று நில ஆவணங்களைப் புதுப்பிக்கிற வேலை நடந்தபோது ஏற்காடு தாலுகாவில் சர்வே கல் தேடி அலைந்த கூட்டத்தில் நானும் உண்டு. நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. முதலில் அந்தக் குழாய்.

'கொஞ்சம் தண்ணி'க்காக யாரும் காசு போட்டு அவ்வளவு பெரிய குழாய் இறக்க மாட்டார்கள். அது ஓடை. வெயில் காலத்தில் மலை ஓடை பார்வைக்கு ஓடையாகவே தெரியாது, உண்ணிச்செடி மூடிக் கிடக்கும். அடுத்த முறை போனால் குழாய்க்கு மேல்பக்கம் கொஞ்சம் ஏறிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காபி நிற்கும், நடுவில் மட்டும் செடி இருக்காது. பெரணி வரிசையாக மேலிருந்து இறங்கும். காலடியில் கல் வழுவழுவென்று இருக்கும். அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் அந்த இடத்தில் செடி வைக்கவே மாட்டார்கள். நீரோட்டத்தில் வைத்த செடி மூன்றாவது மழையில் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். 1820-களில் காக்பர்ன் கலெக்டர் இங்கே காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து தோட்டங்கள் ஓடையை ஒதுக்கிவிட்டுத்தான் பரவியிருக்கின்றன. இப்போது சென்ட் கணக்கில் விற்கிறவர்களுக்கு அந்த இடமும் காசு.

காகிதத்தில் பார்ப்பது எப்படி? விற்பவரிடம் புல எண்ணும் (சர்வே எண்) உட்பிரிவு எண்ணும் கேளுங்கள். தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். எண் கிடைத்தால் பட்டா, அ-பதிவேடு (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அரசுப் பதிவேடு), புலப்படம் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அ-பதிவேட்டில் அந்த ஓடைக்குத் தனி எண் கொடுத்து 'அரசு புறம்போக்கு, ஓடை' என்று இருந்தால், அதன் மேல் போட்ட ரோடு அவர்களுடையதே இல்லை. உங்கள் இடத்துக்குப் போகிற வழியே அரசு நிலத்தில் நிற்கிறது என்று அர்த்தம். மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்டேட் சர்வே எண்கள் பெரியவை. ஓடை தனி எண் வாங்காமல் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், புலப்படத்தில் கோடாக மட்டும் தெரியும். பட்டாவில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. பட்டாவை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறவர்கள் புலப்படத்தைத் தாங்களாக எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஹாகா. மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990-ல் அரசாணை மூலம் வந்தது. உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. ஊட்டி, கொடைக்கானல் மட்டுமில்லை, ஏற்காடு தாலுகா கிராமங்களும் அதன் பட்டியலில் உண்டு. விவசாய நிலத்தை மனையாகப் பிரிக்கவோ பெரிதாகக் கட்டவோ விண்ணப்பித்தால், வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்து கேட்கப்படும். சரிவு எவ்வளவு, வெட்டினால் மண் நிற்குமா, நீரோட்டத்தை மறிக்கிறதா, காப்புக்காடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் சொல்கிற செம்மண் வெட்டை இந்த மூன்று துறையில் ஒருவர் நேரில் வந்து பார்த்திருந்தாலும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வந்திருக்கும்.

தம்பி கேட்டது: மேற்குத் தொடர்ச்சி மலை அறிவிப்பு இங்கே வராது. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. 2011-ல் மாதவ் காட்கில் குழு அறிக்கை, 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கை என்று நாடே பேசியதெல்லாம் மேற்குப் பக்கத்து மலைகளைப் பற்றி. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைக்கு அப்படி யாரும் மெனக்கெடவில்லை. அதனால் இங்கே கையில் இருப்பது ஹாகாவும், 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும்தான். ரோடு வெட்டச் சாய்த்த சில்வர் ஓக்குக்கு அந்தச் சட்டப்படி குழுவின் அனுமதி வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சுவாரசியமாக இருக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்பதை நோட்டீஸில் படிக்கும்போதே சிரிப்பு வருகிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தால் மனைப்பிரிவு உண்டாகாது. 2016-ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவதற்குப் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு முட்டுக்கட்டை. ஏற்கனவே பிரித்துவிட்டதைப் பின்னால் வரன்முறை செய்து அங்கீகரிப்பதற்கும் 20.10.2016 என்று ஒரு தேதி வைத்தார்கள், அதற்குப் பிறகு புதிதாகப் பிரித்ததற்கு அந்த வழியும் இல்லை. இதனால்தான் உங்கள் ஆள் 'மனை இல்லை மேடம், விவசாய நிலம்' என்று அழுத்திச் சொல்கிறார். பத்திரத்தில் காபித் தோட்டம், வாய்ப்பேச்சில் வீடு. பத்திரம் பதிவாகிவிடும். நீங்கள் வீட்டு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்குத்தான், இது அங்கீகாரம் பெறாத பிரிவு என்று திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்கிற 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில் காபி, தேயிலை, ஏலம், ரப்பர்த் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு உச்சவரம்பு வைத்தபோது எஸ்டேட்டுகள் முழுசாகத் தப்பியது அதனால்தான். தோட்டமாக இருக்கிற வரைக்கும்தான் அந்த விலக்கு. பெரிய எஸ்டேட்டிலிருந்து உடைத்துத் தருகிறார்கள் என்றால், மூலப் பத்திரத்தையும் உச்சவரம்பு விவரத்தையும் ஒரு வக்கீல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மண்டலத் திட்டம் வந்தால் விலை ஏறும் என்கிற கதை பற்றி அப்புறம் எழுதுகிறேன், பேத்தியை ட்யூஷனில் விட வேண்டும்.

ஐந்துரோடு எழுதியது:

நான் இதே தொழிலில் இருக்கிறேன், மறைக்கவில்லை. ஐயா சொன்ன சட்டமெல்லாம் சரி. ஆனால் படிக்கிறவர்களுக்கு மலையில் இடம் விற்கிறவன் எல்லாம் திருடன் என்று தோன்றிவிடும். பத்து ஏக்கர் காபி வைத்திருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். பழம் பழுத்து நிற்கும்போது பறிக்க ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் பெங்களூரில். காட்டு மாடு ராத்திரி வந்து வேலியை உடைத்துவிட்டுப் போகிறது. அவர் விற்காமல் என்ன செய்வார்? தோட்டமாகவே விற்றால் வாங்க ஆள் இல்லை, பிரித்தால்தான் விலை. முறைப்படி அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு நடையாய் நடந்து அலுத்துப்போனவர்களையும் எனக்குத் தெரியும். மலையைப் பாதுகாக்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் கீழே அஸ்தம்பட்டியில் மாடி மேல் மாடி கட்டிக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

மாலதி மேடம், குழாய் விஷயத்தில் மட்டும் ஐயா சொன்னதைக் கேளுங்கள். அந்த இடத்தை நானே வாங்க மாட்டேன்.

மஞ்சக்குட்டை பையன் எழுதியது:

நான் மேலே பிறந்து வளர்ந்தவன். மலையாளிப் பழங்குடி. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று எங்கள் ஊர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாமை விதைத்துக்கொண்டு இருந்த மலை இது. எஸ்டேட் வந்ததே பின்னால்தான்.

ஐந்துரோடு அண்ணன் 'தோட்டக்காரர் என்ன செய்வார்' என்கிறார். செயின்மேன் ஐயா 'சட்டம் என்ன சொல்கிறது' என்கிறார். எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். தாத்தாவுக்கு அரசு கொடுத்தது நிபந்தனைப் பட்டா. பழங்குடி அல்லாதவருக்கு விற்க முடியாது, நல்லதுதான், இல்லாவிட்டால் எப்போதோ போயிருக்கும். அப்பா அதில் சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றினார். தங்கச்சி கல்யாணத்துக்காக ஓரத்தில் நின்ற நாலு மரத்தை வெட்ட அனுமதி கேட்டோம். மனு கொடுத்த அலுவலகம் வரைபடம் கேட்டது, அப்புறம் இன்னொரு கையெழுத்து கேட்டது, அப்புறம் ஐயா லீவு என்றது. கல்யாணம் கடன் வாங்கி நடந்தது. மரம் இன்னும் நிற்கிறது. அதே வருஷம் எங்கள் காட்டுக்கு மேலே ஒரு சொகுசு விடுதிக்காக சரிவையே சீவி எடுத்தார்கள். அந்த மரங்கள் எந்த மனுவில் போயின என்று எனக்குத் தெரியாது. லாரி எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போனது.

பாக்சைட்டும் இப்படித்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலை உச்சியை வெட்டி எடுத்தார்கள். பள்ளமும் சிவப்பு மண்ணும் எங்களுக்கு. அப்போதும் பாதுகாப்புச் சட்டம் இருந்தது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. 13.12.2005-க்கு முன்னால் காட்டு நிலத்தில் பயிர் செய்து வந்த பழங்குடிக்கு உரிமை. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் 2016 வரைக்கும் உரிமைப் பட்டா கொடுப்பது இழுத்தது. அந்தச் சட்டத்தில் கிராம சபைக்குத்தான் முதல் இடம். மண்டலத் திட்டம் போடுகிறவர்கள் எங்கள் கிராம சபையைக் கேட்பார்களா, இல்லை பச்சைக் கலர் அடித்து 'பாதுகாப்பு மண்டலம்' என்று எழுதிவிட்டுப் போவார்களா? பச்சை அடித்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு அறை சேர்த்துக் கட்ட முடியாது. அடிக்காவிட்டால் மாலதி அக்கா பார்த்த மஞ்சள் கல் எங்கள் எல்லைக்கு வரும். ரெண்டில் எது வேண்டும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அக்கா, நீங்கள் பார்த்த ஓடை எது என்று ஓரளவு புரிகிறது. அதற்குக் கீழே ஒரு ஊரே குடிதண்ணீர் எடுக்கிறது.

புதுஏரிக்கரை எழுதியது:

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு வார்த்தை. தெற்குச் சரிவில் விழுகிற மழை எங்கள் புது ஏரிக்கு வந்து, நிரம்பி, மூக்கனேரிக்குப் போகிறது. மூக்கனேரியை ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் வைத்ததெல்லாம் சேலத்தில் எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழை கொட்டி மலைப்பாதையில் மண் சரிந்தபோது, வாய்க்காலில் வந்த தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டுமே. குழம்பு. ஏரியை எத்தனை முறை தூர்வாரினாலும் மேலே பொக்லைன் ஓடுகிற வரைக்கும் திரும்ப நிறையும். தூர்வாரும் செலவு மாநகராட்சிக்கு, ரோடு வெட்டியதன் லாபம் வேறு யாருக்கோ.

பழைய செயின்மேன் எழுதியது:

தம்பி மஞ்சக்குட்டை, உங்கள் நாலு மரத்துக் கதை எனக்குப் புதிதில்லை. சிறியவர்கள் மனு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். பெரியவர்கள் வேலையை முடித்துவிட்டு மனு கொடுக்கிறார்கள். அதைச் சட்டத்தின் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சட்டத்தை வைத்து மட்டும் சரிசெய்யவும் முடியாது.

இப்போது மண்டலத் திட்டம். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மூன்று அடுக்கு உண்டு: மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவு அபிவிருத்தித் திட்டம். சேலம் ஊருக்கு முழுமைத் திட்டம் இருக்கிறது. எது குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம் என்று கலர் அடித்த படம். ஊர் எல்லையோடு அந்தப் படம் முடிந்துவிடும். மலைக்கு மேலே ஹாகா. அதற்குப் படம் கிடையாது, வருகிற ஃபைலை ஒவ்வொன்றாகப் பார்க்கும். காப்புக்காடு வனத்துறையிடம், அடிவாரத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் கனிமத்துறையிடம், ஏரி வேறு ஒருவரிடம். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இதுதான்: ஒவ்வொரு ஃபைலும் தனியாக எடுத்தால் சரியாக இருக்கும். இந்தச் சரிவில் இந்தக் கட்டடம், ஆட்சேபணை இல்லை. பக்கத்து சர்வே எண்ணில் இன்னொன்று, அதற்கும் ஆட்சேபணை இல்லை. ஒரே ஓடையின் தலைப்பில் இப்படி வரிசையாக வந்துவிட்ட பிறகு, அந்த ஓடை மொத்தமாக என்ன ஆகும் என்று கேட்கிற ஃபைல் எந்த மேஜையிலும் இல்லை. திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்து சேலம் வழியாக நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேர்கிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாகப் போகிறது. வாணியாறு மறுபக்கம் இறங்கி தருமபுரி மாவட்டத்து அணைக்குப் போகிறது. தண்ணீருக்குத் தாலுகா எல்லை தெரியாது, படம் மட்டும் தாலுகா எல்லையில் நிற்கிறது.

நான் சொன்ன மூன்று திட்டங்களில் மண்டலத் திட்டத்துக்கு மட்டும்தான் அந்த எல்லையைத் தாண்டுகிற அதிகாரம் உண்டு. மலையையும் அடிவாரத்தையும் ஏரியையும் ஒரே தாளில் வைத்து, இந்த நீர்ப்பிடிப்பில் இவ்வளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று எழுத முடியும். மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து அந்த வேலையை நகர் ஊரமைப்பு இயக்ககம் எடுத்திருப்பது நல்ல விஷயம். செய்யப்போவது சென்னையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படம் பார்க்கிற ஆலோசகர்கள். காபித் தோட்டம் மேலிருந்து பார்த்தால் அடர்ந்த காடாகத் தெரியும். நிழல் மரத்துக்குக் கீழே வெட்டிய ரோடு தெரியாது, தம்பி வீடு தெரியாது, குழாய்க்குள் போன ஓடை நிச்சயமாகத் தெரியாது. தரையில் நடந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

அதனால், மண்டலத் திட்டம் வந்தால் விலை மூன்று மடங்கு என்று யாராவது சொன்னால், எந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் ஓடையை அந்தப் படம் நீர்வழி என்று குறித்துவிட்டால் அந்த இருபது சென்ட்டில் கோழிக்கூடு கூடக் கட்ட முடியாது. விலை ஏறுவதா?

வரைவு வெளியானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபணை, யோசனை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த இரண்டு மாதத்தை நம் ஊர்க்காரர்கள் தூங்கிக் கழிப்பார்கள், அப்புறம் பத்து வருஷம் வழக்குப் போடுவார்கள். எட்டு வழிச்சாலையில் என்ன நடந்தது? சென்னையிலிருந்து சேலத்துக்கு 277 கிலோமீட்டர். 2018-ல் வயலில் கல் நட்ட பிறகுதான் பல பேருக்குத் தன் நிலத்தில் கோடு போகிறது என்றே தெரிந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. இத்தனைக்குப் பிறகும் அந்த விவசாயி தன் நிலத்தை நம்பி ஒரு கிணறு வெட்டத் தயங்குகிறார்.

தம்பி, வரைவு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டுமில்லாமல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் கூட இப்போது கிராம சபை நாள். மார்ச் 22 தண்ணீர் நாள். அன்றைக்கு ஊரின் ஓடைகளை சர்வே எண்ணோடு பட்டியல் போட்டுத் தீர்மானமாக எழுதி வையுங்கள். வீட்டு இடம், பயிர் இடம், விதை விதைக்கிற காடு, சாமி இடம் எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள். வரைவில் பச்சை அடித்தால், எங்கள் வீடு இங்கே இருக்கிறது என்று காட்ட அந்தத் தீர்மானம்தான் கையில் இருக்கும். படம் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். குப்பனூர் வழி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும், முழங்கால் வலிக்கு மற்றப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவு ஆகாது.

மஞ்சக்குட்டை பையன் எழுதியது:

வாங்க ஐயா. சோறு எங்கள் வீட்டில். வரும்போது பழைய புலப்படம் ஏதாவது கையில் இருந்தால் எடுத்து வாருங்கள், இணையத்தில் எங்கள் ஊர்ப் படம் பாதி கறுப்பாக வருகிறது.

ஐந்துரோடு எழுதியது:

தீர்மானம் போடும்போது, பத்து ஏக்கருக்குக் கீழே காபி வைத்திருப்பவர் மரம் வெட்டவும் வீடு கட்டவும் மனு கொடுத்தால் இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள்.

கோரிமேடு மாலதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புல எண் கேட்டேன். முதலில் "ஆபீஸ் வாங்க, காட்டறோம்" என்றார்கள். வீட்டுக்காரர் விடாமல் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பட்டாவை அனுப்பினார்கள். அதில் இருந்த எண்ணை வைத்துப் புலப்படம் எடுத்தோம். ஐயா சொன்னபடியே நடுவில் கோடு ஓடுகிறது. தனி எண் இல்லை, பட்டாவுக்குள்ளேயே. மஞ்சள் கல் நட்ட இடத்தை மாமனார் பென்சிலில் குறித்துப் பார்த்தார். எங்களுக்குக் காட்டிய இருபது சென்ட்டின் ஒரு மூலை அந்தக் கோட்டின் மேலேயே உட்காருகிறது. ஹாகா கடிதம் கேட்டதற்கு "அப்ளை பண்ணியிருக்கோம் மேடம்" என்று பதில். விண்ணப்ப எண் கேட்டோம், அதோடு போன் நின்றுவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கு முகம்தான் வாட்டம்.

ஒரு சந்தேகம். அங்கே எங்களுக்கு நிலமே இல்லாதபோது, வரைவு வந்தால் கோரிமேட்டில் இருக்கிற நாங்கள் ஆட்சேபணை கொடுக்க முடியுமா? குழாய் போட்டது பற்றி இப்போதே யாரிடமாவது சொல்லலாமா?

பழைய செயின்மேன் எழுதியது:

கொடுக்கலாம். வரைவின் மேல் கருத்துச் சொல்ல அங்கே நிலம் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீர் போதும்.

குழாய்க்கு இப்போதே மனு எழுதுங்கள். ஏற்காடு வட்டாட்சியருக்கு ஒன்று, நகல் சார் ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ, இன்னொன்று மாவட்ட வன அலுவலருக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். நாலு வரி போதும். கிராமத்தின் பெயர், புல எண், புலப்பட நகல், நீங்கள் எடுத்த போட்டோ, எடுத்த தேதி. 'மலையைக் காப்பாற்றுங்கள்' என்றெல்லாம் எழுத வேண்டாம், அப்படி எழுதினால் மனுவைக் கட்டிவைத்துவிடுவார்கள். 'இந்தப் புல எண்ணில் புலப்படத்தில் காணும் நீரோடை குழாய் பதித்து மூடப்பட்டுள்ளது, தலத்தணிக்கை செய்து அறிக்கை தரவும்' என்று எழுதுங்கள். தலத்தணிக்கை என்று கேட்டால் வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டியிருக்கும். மறக்காமல் ரசீது எண் வாங்குங்கள். முப்பது நாள் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்றால் அந்த எண்ணை வைத்துத் தகவல் உரிமையில் கேளுங்கள்.